தையில் கிளம்பும் பிள்ளைகள்: இருளர் குடும்பங்களும் நம் பள்ளிகளும்

விழுப்புரம் மாவட்டத்தில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இருளர் குடியிருப்பு புதிதல்ல. ஊரைத் தாண்டி ஏரிக்கரையிலோ, ஓடைப் புறம்போக்கிலோ, மாந்தோப்பின் ஓரத்திலோ பதினைந்து இருபது வீடுகள் இருக்கும். ஜூன் மாத மாணவர் சேர்க்கை ஊர்வலம் அங்கும் போகிறது. பெயர்களை எழுதிக்கொண்டு வருகிறோம். முதல் பருவத்தில் பிள்ளைகள் வருகிறார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து, பொங்கலும் கழிந்து பள்ளி நடக்கும்போது பார்த்தால் அந்தப் பெயர்களில் பாதி காணாமல் போயிருக்கும். ஒரு மாதம் கழித்து "இடைநின்றவர்" பட்டியல் தயாராகும்.

இந்தப் பிள்ளைகளின் படிப்பு ஜூன் மாதத்தில் முடிவாவதில்லை. வீட்டில் தூளியில் கிடக்கும் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதிலும், தை மாதத்தில் குடும்பம் எங்கே போகிறது என்பதிலும்தான் முடிவாகிறது. திண்டிவனம் வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு அருகில் பணிபுரிந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான திட்டங்களை "அது அங்கன்வாடித் துறை வேலை" என்று நாம் ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணமும் இதுவே.

கல் அறுக்கும் குடும்பங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். மலையாளி பழங்குடியினருக்கு அடுத்தபடியாக மாநிலத்தின் பெரிய பழங்குடி இனம் இவர்களே. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் அடையாளம் காணப்பட்ட ஆறு இனங்களில் இருளரும் உண்டு. நீலகிரியிலும் கோவையிலும் மலையில் வாழ்பவர்கள் ஒரு பகுதியினர். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் என்று வட மாவட்டச் சமவெளியில் வாழ்பவர்கள் மற்றொரு பகுதியினர். நம் பக்கத்தில் வில்லியர் என்ற பெயரும் வழங்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் இவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016-ல்தான். அக்கா இங்கே பழங்குடி, தங்கை அங்கே பழங்குடி இல்லை என்ற நிலை அதுவரை இருந்தது.

ஏரியில் கையால் மீன் பிடிப்பது, அறுவடைக்குப் பின் வயலில் எலி வளை தோண்டுவது, தேன், மூலிகை, பாம்பு பிடிப்பது என்பவை இவர்களின் பழைய பிழைப்பு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் நஞ்சு எடுத்து இன்றும் இயங்குகிறது. அதில் வேலை கிடைத்தவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்களுக்குக் கிடைத்தது தோட்டக் காவல், சவுக்கு வெட்டு, வேலிக்காத்தான் மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, செங்கல் சூளை.

சூளை வேலையின் கணக்கு ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணவன் மண் மிதித்துக் கல் அறுப்பார். மனைவி கல்லைத் திருப்பிக் காயவைத்து அடுக்குவார். விரல் பிடிக்கத் தெரிந்த பிள்ளையும் இரண்டு கல்லைத் திருப்பும். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது மருத்துவம், சடங்கு, திருமணம் என்று ஏதோ ஒரு செலவுக்கு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். தை பிறந்தால் வண்டி வரும். பெரும்பாலும் ஆனியில் மழை தொடங்கும்வரை அங்கேதான். கணக்குப் பார்க்கும்போது முன்பணம் தீரவில்லை என்றால் அடுத்த ஆண்டும் அதே சூளை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் கடனுக்காக ஒருவரை வெளியே விடாமல் வேலை வாங்குவது நின்றுவிடவில்லை. அப்படிப்பட்டவர்களை மீட்டு விடுவிப்புச் சான்று தரும் அதிகாரம் சார் ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் உண்டு. பிள்ளை ஒன்று வகுப்பில் "எங்கப்பாவ வெளிய உட மாட்டேங்கறாங்க" என்று சொன்னால், அதைக் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடரும் உரிமை நமக்கில்லை. 1098 என்ற எண் நம் பள்ளிச் சுவரில் எழுதியிருப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

நாற்பது குழந்தை இல்லாத ஊர்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் தரம் நாட்டில் நல்ல பெயர் பெற்றது. இணை உணவு, முட்டையுடன் மதிய உணவு, எடை பார்த்தல், தடுப்பூசி, ஆடிப்பாடி விளையாடு பாப்பா என எல்லாம் உண்டு. இருளர் குழந்தைக்கும் இவை அனைத்தும் உரியவை. பிறகு ஏன் கிடைப்பதில்லை?

விடை மிகச் சாதாரணமானது. 400 முதல் 800 பேர் வரை உள்ள இடத்துக்கு ஒரு முதன்மை மையம், 150 முதல் 400 பேர் வரை உள்ள இடத்துக்கு ஒரு குறு மையம் என்பது பொதுவான விதி. பழங்குடி, மலைப் பகுதிகளுக்கு 300 பேர் இருந்தால் முதன்மை மையம் உண்டு. நம் பக்கத்து இருளர் குடியிருப்பில் மொத்தமே நூறு பேர் இருப்பார்கள். அது மலையும் அல்ல. ஆக மையம் ஊருக்குள் இருக்கும். ஊருக்கும் குடியிருப்புக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் வரப்பு, ஒரு ஓடை, சில சமயம் ஒரு சாதியின் தெரு. மூன்று வயதுக் குழந்தை தனியே நடந்து போகாது. தாய் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போயிருப்பார். கொண்டுபோய் விட்டு அழைத்துவர ஆள் இல்லை.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பதினைந்து வீட்டுக் குடியிருப்பில் நாற்பது எங்கே தேறும்? இரண்டு மூன்று குடியிருப்புகள் அருகருகே இருந்தால் சேர்த்துக் கேட்கலாம். 2023 நவம்பர் 15-ல் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டம் இருளர் போன்ற நலிவுற்ற பழங்குடிகளுக்கென்றே வந்தது. அதில் அங்கன்வாடிக்கான மக்கள்தொகை வரம்பு தளர்த்தப்பட்டிருக்கிறது. உங்கள் பள்ளிப் பகுதியில் அப்படி ஒரு குடியிருப்பு இருந்தால், குழந்தைகளின் பெயர், வயது அடங்கிய பட்டியலை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுக்க ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் இல்லை. பட்டியல் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. ஆண்டுதோறும் எடுக்கிறோமே, பள்ளி வயதுக் குழந்தைகள் கணக்கெடுப்பு, அதன் முதல் பக்கங்கள்தான்.

மையம் இல்லாத இடத்தில் அங்கன்வாடியின் வேலையைச் செய்வது யார்? எட்டு வயது, பத்து வயது அக்காதான். ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாள். வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் கேட்டபோது அவர் கோபப்படவில்லை, கெஞ்சவுமில்லை. "இவளும் வந்துட்டா கொழந்தைய யாரு டீச்சர் பாக்கறது? நீங்களே சொல்லுங்க" என்றார். அது நியாயமான கேள்வி. அந்தக் குழந்தைக்கு ஒரு மையம் கிடைத்தால் இரண்டு பேர் கல்வி பெறுவார்கள். கிடைக்காவிட்டால் பெரியவளும் போய்விடுவாள். பெண் குழந்தைகளின் இடைநிற்றலைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் தொட்டில் என்ற சொல் வருவதே இல்லை என்பது என் நெடுநாள் குறை.

சான்று என்னும் சுவர்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் பிரிவு 14, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. பிரிவு 15, சேர்க்கைக் காலம் முடிந்த பின்னும் மறுக்கக் கூடாது என்கிறது. பிரிவு 5, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டக் கூடாது என்கிறது. பிரிவு 4, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. சூளையில் பிறந்து, பிறப்பு பதிவாகாமல், ஒன்பது வயதில் முதன்முறையாக வாசலில் வந்து நிற்கும் பிள்ளைக்காகவே எழுதியதுபோல் இருக்கின்றன இந்த நான்கு பிரிவுகளும்.

சாதிச் சான்று வேறு கதை. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அளவில் கிடைப்பது, பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்ட அளவில்தான் கிடைக்கும். நம் மாவட்டத்தில் விழுப்புரம், திண்டிவனம் என இரண்டு கோட்டங்கள். பெற்றோருக்கே சான்று இல்லாதபோது பிள்ளைக்கு விசாரணை, மீண்டும் விசாரணை என்று இழுக்கும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். ஒன்பதாம் வகுப்பில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது விழித்துக்கொள்வதைவிட, ஒன்றாம் வகுப்பிலேயே குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரு மனு கொடுப்பது எளிது. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டால் மற்ற உறவினர்களுக்கு அதுவே ஆதாரம் ஆகும்.

திண்டிவனத்திலிருந்து ஒரு முயற்சி

இதையெல்லாம் வெளியிலிருந்து வந்த திட்டங்கள் மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, 1990-களில் இருளர்கள் மீதான பொய் வழக்குகளையும் வன்முறையையும் எதிர்த்துப் போராட வந்தவர். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1996-ல் உருவானது. வழக்கில் தொடங்கிய சங்கம் சாதிச் சான்று, மனைப்பட்டா, குடும்ப அட்டை, கொத்தடிமை மீட்பு, பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. எனக்கு அந்த வரிசைதான் முக்கியமாகத் தெரிகிறது. திருட்டு வழக்கில் எப்போது இழுத்துப்போவார்களோ என்று அஞ்சும் தகப்பன், சீருடையோ கோப்போ வைத்திருக்கும் எவரைக் கண்டாலும் ஒதுங்குவார். கணக்கெடுப்புத் தாளுடன் போகும் ஆசிரியரைப் பார்த்துக் குடிசைக்குப் பின்னால் போவதும் அதனால்தான். அச்சம் குறைந்தால்தான் குழந்தை வெளியே வரும்.

ரோசணையில் அவர் தொடங்கிய தாய்த்தமிழ்ப் பள்ளியில் இருளர் உள்ளிட்ட எளிய குடும்பத்துப் பிள்ளைகள் கட்டணமின்றித் தமிழ்வழியில் படித்தார்கள். 2021-ல் ஜெய் பீம் திரைப்படம் வந்தபோது இருளர் பற்றி நாடே பேசியது. படத் தயாரிப்பாளர்கள் இருளர் அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாய் வழங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு முதல்வரே நேரில் சென்று பட்டாவும் சான்றும் கொடுத்தார். அதற்குச் சில நாள் முன்பு, 2021 அக்டோபர் 27-ல், இல்லம் தேடிக் கல்வித் திட்டம் நம் மாவட்டத்து மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, வகுப்பு பிள்ளையின் வீட்டருகே நடந்தது என்பதுதான்.

உலகில் வேறிடத்துப் பழங்குடிகளும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் மவோரி மக்கள் 1982-ல் கோஹங்கா ரியோ என்ற மழலையர் மையங்களைத் தொடங்கினார்கள். பெயரின் பொருள் மொழிக்கூடு. தங்கள் மொழி அழிந்துவிடும் என்று அஞ்சிய பாட்டிகளும் தாத்தாக்களும் பேரக்குழந்தைகளை உட்காரவைத்துப் பேசினார்கள். மையத்தை நடத்துவது குடும்பங்களே. கனடாவில் 1995-ல் தொடங்கிய பழங்குடி மழலையர் திட்டம், பண்பாடும் மொழியும், கல்வி, உடல்நலம், சத்துணவு, சமூக ஆதரவு, பெற்றோர் பங்கேற்பு என்று ஆறு பகுதிகளை ஒரே கூரையின்கீழ் வைத்தது. நம்மிடம் இந்த ஆறில் பெரும்பாலானவை உண்டு, ஆனால் தனித்தனி அலுவலகங்களில் இருக்கின்றன. சமவெளி இருளர் பேசுவது தமிழ்தான் என்பதால் மொழிக்கூடு நமக்கு அப்படியே பொருந்தாது. பொருந்துவது வேறொன்று: குழந்தையைக் கையில் வாங்குபவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருப்பது. இருளர் பெண் ஒருவர் அங்கன்வாடி உதவியாளராகவோ, சமையல் உதவியாளராகவோ, கல்வித் தன்னார்வலராகவோ இருக்கும் இடத்தில் தாய்மார்கள் தயங்குவதில்லை. படிப்புத் தகுதி உள்ள பெண்கள் இன்னும் குறைவு. இருப்பவர்களையாவது தேட வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு இடம் தரச் சட்டம் சொல்கிறது. பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குவது போதாது. பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் அவருக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு. வந்தால் நாற்காலி தந்து "வாங்கம்மா, உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். ஊரில் வயதானவரையும் "வாடா, போடா" என்று அழைக்கும் வழக்கத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். நாம் எப்படி அழைக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

வகுப்பறையில்

இருளர் பிள்ளை என்றவுடன் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்பது ஒரு வழக்கம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் சூளையில் வளர்ந்த பிள்ளைக்குப் பாம்பைவிடக் கல் நன்றாகத் தெரியும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பத்து, நூறு, ஆயிரம் கற்பிக்கும்போது கல் அடுக்கைச் சொல்லிப் பாருங்கள். ஒரு வரிசையில் எத்தனை, எத்தனை வரிசை சேர்ந்தால் ஆயிரம் என்பதை அவர்கள் நமக்குச் சொல்வார்கள். ஏரியில் எந்த மாதம் எந்த மீன், எந்த இலை எந்தக் காயத்துக்கு என்பது தெரிந்த பிள்ளையும் இருக்கும். இரண்டையும் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கில் நான் ஒன்று செய்கிறேன். சூளை முன்பணக் கணக்கை ஒரு வினாவாக எழுதுவேன். முன்பணம் 30,000 ரூபாய். ஆயிரம் கல்லுக்குக் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1,000 கல், மாதத்துக்கு 25 நாள். வாரச் செலவுக்கு 2,000 ரூபாய் கையில் வாங்குகிறார்கள். ஐந்து மாதம் கழித்து மீதி என்ன? ஐந்து மாதக் கூலி 1,00,000 ரூபாய். 20 வாரச் செலவு 40,000 ரூபாய். முன்பணமும் கழிந்தால் 30,000 ரூபாய் கையில் மிஞ்ச வேண்டும். வினாவின் அடுத்த பகுதி: மேஸ்திரியின் நோட்டில் 5,000 ரூபாய் பாக்கி என்று இருந்தால் என்ன கேட்பீர்கள்? மழையில் கரைந்த கல் யார் கணக்கில் போகும்? விடுப்பு எடுத்த நாட்கள் எத்தனை? எண்கள் எல்லாம் நான் வைத்தவை, உங்கள் பகுதிக் கூலிக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த வினாவில் மட்டும் கடைசி வரிசைப் பிள்ளைகள் முதலில் கை தூக்குவார்கள். தினமும் எத்தனை கல் என்று ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கத் தெரிந்த மகள், அந்தக் குடும்பத்துக்குப் பெரிய பலம்.

மார்கழியில் செய்ய வேண்டியது

அரையாண்டுத் தேர்வு நேரத்தில் நமக்கு வேலை அதிகம். ஆனால் குடியிருப்புக்குப் போக அதுதான் சரியான நேரம். யார் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், எந்த ஊர்ச் சூளை, யார் யார் போகிறார்கள் என்று கேட்கலாம். மறைக்க மாட்டார்கள். பாட்டி இங்கேயே இருந்தால் பிள்ளையை விட்டுச்செல்லச் சொல்லிப் பேசலாம். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்தப் பேச்சை எளிதாக்கியிருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் காலையும் மதியமும் பள்ளியில் சாப்பாடு என்றால் பாட்டிக்கு இரவுச் சோறுதான் பொறுப்பு. சனி, ஞாயிறும் கோடை விடுமுறையும் இன்னும் கேள்விக்குறியாகவே இருக்கின்றன. உறைவிட வசதி உள்ள சிறப்புப் பயிற்சி மையம் அருகில் இருந்தால் வட்டார வள மையத்தில் கேட்கலாம்.

குடும்பத்தோடு போகும் பிள்ளை என்றால், போகும் ஊரின் பெயரை வாங்கிக்கொண்டு, கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டு, அங்குள்ள பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒடிய மொழியில் கற்பிக்க முயற்சிகள் நடந்திருக்கின்றன. தமிழ் பேசும் நம் பிள்ளை அங்கே வெளியூர்ப் பிள்ளையாகக் கண்ணில் படாமல் போவதுண்டு. நாம் பெயர் சொல்லி அனுப்பினால்தான் தேடுவார்கள். தாய் கர்ப்பமாக இருந்தால் தாய்சேய் நல அட்டையையும், கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையையும் மூட்டையில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அங்கே குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதியச் சொல்லுங்கள். பாடநூலோடு பழைய நோட்டு ஒன்றும் பென்சிலும் கொடுத்தனுப்பலாம்.

மாசி மகத்துக்கு இருளர்கள் கடற்கரைக்குப் போவார்கள். மாமல்லபுரத்தில் கன்னியம்மனை வழிபட்டு, பெண் பார்த்து, திருமணம் முடிப்பதும் அங்கேதான். சூளையிலிருந்தும் பலர் நேராக அங்கே வருவார்கள். இங்கே பாட்டியிடம் இருக்கும் பிள்ளையும் அப்பா அம்மாவைப் பார்க்க அந்த இரண்டு மூன்று நாள் போகத்தான் செய்யும். அதை விடுப்பாகக் கணக்கில் கொள்வதில் தவறில்லை, திரும்பி வந்ததும் கடலைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லலாம்.

ஆனியில் வண்டி திரும்பும்போது பள்ளி திறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். அப்போது அவர்களைப் புதிய சேர்க்கையாக எழுத வேண்டியதில்லை. பொதுத் தொகுப்பிலிருந்து பழைய எண்ணிலேயே எடுத்துக்கொண்டு, விட்ட பாடத்துக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கூடவே தூளியில் போன குழந்தைக்கு இப்போது வயது என்ன என்று கேட்டு, அங்கன்வாடிப் பட்டியலில் அதன் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.